குளம் வற்றாதிருக்க வேண்டும்: கூடங்குளமும் நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களும்

2012 செப்டம்பரில், கேரளச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த வி.எஸ். அச்சுதானந்தன் இடிந்தகரைப் போராட்டக்காரர்களைச் சந்திக்கத் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டார். நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையை அடைந்தபோது தமிழகக் காவல்துறை அவரை மேற்கொண்டு செல்ல விடவில்லை. எல்லையிலிருந்தே அவர் திரும்ப நேர்ந்தது. அவருடைய கட்சி கூடங்குளம் நிலையத்தை எதிர்க்கவில்லை. கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறாகவே அவர் புறப்பட்டிருந்தார். ஆகவே அந்நிகழ்ச்சி இன்றளவும் உட்கட்சிப் பூசலின் ஓர் அத்தியாயமாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது.

என் ஆய்வுக்கு அப்பயணம் தடுக்கப்பட்ட இடமே முதன்மையானது. கேரள மாநிலத்தில் கூடங்குளத்துக்கு மிக அருகிலுள்ள நிலப்பகுதி நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கிழக்கு ஓரம். பாறசாலையிலிருந்து அணுஉலை வளாகம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 74 கிலோமீட்டர். கூடங்குளம் குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை பெரும்பாலும் இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் போன்ற கடற்கரை ஊர்களைச் சுற்றியே அமைகின்றன. அதில் தவறில்லை, வழக்கும் சிறையும் இழப்பும் அவ்வூர்களுக்கே நேர்ந்தன. எனினும் எல்லைக்கு இப்பாலுள்ள பாறசாலை, செங்கல், குளத்தூர், காரோடு, பொழியூர் முதலிய ஊர்களில் நிலவும் அச்சத்தை எந்த வரலாற்றின் கணக்கில் எழுதுவது? தமிழக வரலாற்றில் அவை வெளியூர். கேரள வரலாற்றில் கூடங்குளம் வெளிமாநிலம். இரண்டுக்கும் நடுவே விடுபட்ட ஒரு பகுதியை இப்பதிவில் எழுத முயல்கிறேன்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவ்வட்டார மக்களின் கவலையை அறிவியல் அறியாதோரின் பீதி என்று ஒதுக்குவது வரலாற்றுப் பிழை. அது நீரையும் பொறுப்பையும் பற்றிய கேள்வி. வெப்பம் தணியாத ஒரு பொருளுக்கு யார் நீர் காட்டுவார், எத்தனை தலைமுறைக்குக் காட்டுவார் என்பதே அதன் சாரம்.

1. கோடு

நெய்யாற்றின்கரை கேரளத்தில் இருப்பது இயற்கையின் விதியன்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அக்கோரிக்கைக்கான போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று கோடு நடைமுறைக்கு வந்தது. விளவங்கோடு ஒருபுறமும் நெய்யாற்றின்கரை மறுபுறமுமாயின.

உறவுமுறையும் சந்தையும் திருவிழாவும் கோட்டுக்கு இருபுறமும் தொடர்ந்தன. ஒரே குடும்பத்தில் மூத்தவர் தமிழ் நாளிதழும் இளையவர் மலையாள நாளிதழும் படிக்கும் வீடுகளை நான் பாறசாலைப் பக்கத்தில் கண்டே வளர்ந்தேன். பொழியூரின் மீனவரும் அதை ஒட்டிய தமிழக ஊராகிய நீரோடியின் மீனவரும் ஒரே கடலில் வலை வீசுகின்றனர். அரசுப் பதிவேடுகள் மட்டுமே இரண்டாயின. பேரிடர் என்பது முதலில் பதிவேட்டில் கையாளப்படும் பொருள் என்பதால், இந்த இரண்டுபடல் பின்னர் முக்கியமாகிறது.

இக்கடற்கரைக்கு அணு என்பது கூடங்குளத்தோடு வந்ததுமன்று. 1909இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். அம்மணலில் உள்ள தோரியம் 1940களில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் கையில் அரசியல் பேரத்துக்கான துருப்புச் சீட்டாயிற்று. தோரியத்தைத் தன் இறுதி இலக்காகக் கொண்ட இந்திய அணுசக்தித் திட்டத்தின் வரைபடத்தில் இக்கடற்கரை தொடக்கம் முதலே இடம்பெற்றிருந்தது. ஆயினும் அணுமின் நிலையத்தைத் தன் மண்ணில் கேரளம் ஏற்கவில்லை. கண்ணூர் மாவட்டம் பெரிங்ஙோமில் நிலையம் அமைக்கும் முயற்சி, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. கேரளத்துக்குள் வராத நிலையம், கேரளத்தின் தென்கோடிக்கு வெகு தொலைவில் இல்லாத கூடங்குளத்தில் எழுந்தது. அதன் முதலிரு உலைகளின் 2000 மெகாவாட்டில் 266 மெகாவாட் கேரளத்தின் பங்காக ஒதுக்கப்பட்டது. நிலையம் வேண்டாமென்ற மாநிலம் மின்சாரத்தை ஏற்றது என்பதையும் நேர்மையான வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

2. குளம்

அணுஉலையை நிறுத்துவது அடுப்பை அணைப்பது போன்றதன்று. கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையும் 1000 மெகாவாட் மின்சாரத்துக்காக ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பிளவு வினையை நிறுத்திய கணத்திலும், பிளவால் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், அவ்வெப்பத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு, அதாவது 200 மெகாவாட்டை ஒட்டிய அளவு, எஞ்சுகிறது. ஒரு நாள் கழித்து அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. பின்னர் மிக மெல்லத் தணிகிறது. உலையின் கருவில் 163 எரிபொருள் கற்றைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு எரிபொருள் மாற்றத்தின்போதும் வெளியே எடுக்கப்படுகிறது. எடுத்த கற்றைகளை ஆழமான நீர்க்குளத்தில் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நீர் அங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது: வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, கதிர்வீச்சைத் தடுக்கிறது. நீர் வற்றினால் இரண்டும் ஒருசேர நின்றுபோகும். மிகுந்த வெப்பத்தில் எரிபொருளின் சிர்க்கோனிய உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் உண்டாக்கும்.

2011 மார்ச் 11 வரை இக்குளம் பொதுமக்களின் பேச்சில் இல்லை. புகுஷிமா அதனை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. அங்கு நான்காம் உலை நிலநடுக்கத்தின்போது இயங்கவேயில்லை; பராமரிப்புக்காக அதன் எரிபொருள் முழுவதும் குளத்தில் இறக்கப்பட்டிருந்தது. பயன்படுத்தப்பட்ட 1331 கற்றைகள் அக்குளத்தில் இருந்தன. மின்சாரம் போய், குளிர்விப்பு நின்று, மார்ச் 15 அன்று அக்கட்டடமும் வெடித்தபோது, உலகின் கவனம் உலைகளிலிருந்து குளத்துக்குத் திரும்பியது. மார்ச் 17 அன்று மூன்றாம் உலைக் கட்டடத்தின் மேல் ஹெலிகாப்டர்கள் கடல்நீரைக் கொட்டிய காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. நான்காம் உலையின் குளம் வற்றவில்லை என்பதும், வெடித்த ஹைட்ரஜன் அண்டை உலையிலிருந்து குழாய் வழியே வந்தது என்பதும் பின்னர் தெளிவாயின. 2014 டிசம்பரில் அக்குளத்தின் கற்றைகள் அனைத்தும் பாதுகாப்பாக வெளியே எடுக்கப்பட்டன. அச்சப்பட்ட பேரிடர் நிகழவில்லை. ஆனால் நாட்டின் வல்லுநர்களே பல நாள் அக்குளத்தில் நீர் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாமல் நின்றனர் என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

அணுஉலை வெடிப்பு என்பது இவ்வட்டாரத்து உழவருக்குக் கற்பனைக்கு எட்டாத பொருளாக இருக்கலாம். குளம் அப்படியன்று. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்களின் வேளாண்மை நூற்றாண்டுகளாகக் குளங்களை நம்பியது. குளத்துக்கு வரத்துக்கால் வேண்டும்; மடையைப் பார்க்க ஆள் வேண்டும்; கரை உடைந்தால் அன்றே அடைக்க வேண்டும்; பொறுப்பாளி யாரென்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் குளம் கோடையில் வற்றும்; வற்றினால் தூர்வாருவோம். ஆண்டுக் கணக்கில் ஒரு நாளும் வற்றக்கூடாத குளம் என்று ஒன்றைச் சொன்னால், அதன் மடைக்கு யார் காவல் என்று கேட்பதே குளத்தை அறிந்தவரின் முதற்கேள்வியாக இருக்கும்.

கூடங்குளத்தின் குளிர்விப்புக் குளம் புகுஷிமாவினதைப் போல வெளிக்கட்டடத்தில் இல்லை. உலையின் கவசக் கூட்டுக்குள்ளேயே அமைந்துள்ளது. இது மெய்யான பாதுகாப்பு மேம்பாடு; எதிர்ப்பாளர் எழுத்துகள் இதனைப் போதிய அளவு சொல்வதில்லை. அதே அமைப்பு இன்னொரு விளைவையும் உடையது. கூட்டுக்குள் இடம் குறைவு. சில ஆண்டுகளுக்கான கற்றைகளே அதில் அடங்கும். அதன்பின் அவை வேறெங்காவது சென்றாக வேண்டும். அந்த ‘வேறெங்காவது’ எது என்பதில்தான் நம் கதையின் நடுப்பகுதி உள்ளது.

3. கைமாறிய பொறுப்பு

1988 நவம்பர் 20 அன்று புதுதில்லியில் ராஜீவ் காந்தியும் மிகயீல் கோர்பச்சேவும் முன்னிலை வகித்த ஒப்பந்தத்தில் விடை எளிமையாக இருந்தது. பயன்படுத்தப்பட்ட எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பும். எரிபொருளைத் தந்தவர் கழிவையும் ஏற்பார் என்ற ஏற்பாடு அது. மூன்றாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போயிற்று. 1998 ஜூன் 21 அன்று ரஷ்யக் கூட்டமைப்போடு செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தின்படி எரிபொருள் இந்தியாவிலேயே தங்கும் என்றாயிற்று. பத்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றம், கடற்கரை மக்களிடம் யாரும் கேட்டு நிகழ்ந்ததன்று.

இதற்கு முன்னோடி உண்டு. 1963இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தின் அடிப்படையில் எழுந்தது தாராப்பூர் நிலையம். 1974 அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் அந்த உறவு முறிந்தது. பயன்படுத்திய எரிபொருளை அமெரிக்கா திரும்பப் பெறவுமில்லை, மறுசுத்திகரிக்க இசையவுமில்லை. அது தாராப்பூரிலேயே பல பத்தாண்டுகள் சேமிப்பில் கிடந்தது. ஒப்பந்தங்களின் ஆயுள், எரிபொருளின் ஆயுளைவிட மிகக் குறுகியது என்பதற்குக் கூடங்குளத்துக்கு முன்பே நம்மிடம் சான்று இருந்தது.

புகுஷிமாவுக்குப் பின், 2011 செப்டம்பர் 11 அன்று இடிந்தகரையில் 127 பேர் உண்ணாநிலைப் போராட்டத்தைத் தொடங்கினர். மத்திய அரசு 15 வல்லுநர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. ஆலையின் பாதுகாப்பாய்வு அறிக்கையை வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் ஆணையிட்டது. அணுமின் கழகம் தில்லி உயர் நீதிமன்றத்தில் அதற்குத் தடை பெற்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, எரிபொருள் எங்கே போகும் என்ற கேள்வி அங்கு நேராகவே எழுந்தது. 2012 நவம்பரில் ஆழ்நிலச் சேமிப்புக்குக் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்பெழுந்ததும் சில நாட்களிலேயே அரசு அதனை மறுத்தது.

2013 மே 6 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா ஆகியோர் அளித்த தீர்ப்பு ஆலையை அனுமதித்தது. கூடவே 15 கட்டளைகளையும் பிறப்பித்தது. புகுஷிமாவுக்குப் பின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கூறிய 17 பரிந்துரைகள் நிறைவேற வேண்டும் என்பதும், எரிபொருளைக் கொண்டுசெல்ல நிரந்தர ஆழ்நில வைப்பகத்தை விரைந்து ஏற்படுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு ஜூலை 13 அன்று முதல் உலை வினை தொடங்கியது. 2018இல் கழகம் மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. உலைக்குப் புறத்தே அமைய வேண்டிய இடைக்காலச் சேமிப்பு மையத்துக்கே அவகாசம் வேண்டும் என்றது. இவ்வகை எரிபொருளுக்கு அத்தகைய மையம் அமைப்பதில் முன்னனுபவம் இல்லை என்பது கூறிய காரணங்களுள் ஒன்று. 2022 ஏப்ரல் 30 வரை அவகாசம் கிடைத்தது. அம்மையத்துக்காகத் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடத்தவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பியனுப்ப வேண்டுமெனப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 34 ஆண்டுகள் சுற்றி, கோரிக்கை 1988இன் முதல் வாக்கியத்துக்கே திரும்பி வந்திருந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மாஸ்கோ, பிறகு இந்தியா என்ற பொதுச்சொல், பிறகு பெயரிடப்படாத ஏதோ ஒரு பாறையடுக்கு, கடைசியில் உலை வளாகம். பொறுப்பு ஒவ்வொரு முறை கைமாறும்போதும் எரிபொருள் தங்கும் இடம் நமக்கு நெருங்கி வந்திருக்கிறது. இதற்கிடையே 2017இல் மூன்றாம், நான்காம் உலைகளுக்கும் 2021இல் ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கும் கட்டுமானம் தொடங்கிவிட்டது.

4. நீர்

எல்லை மக்கள் இந்த வரிசையை ஏன் ஐயத்தோடு வாசிக்கின்றனர் என்பதற்கு அவர்களுடைய நீர் வரலாறே விளக்கம்.

கூடங்குளம் நிலையத்துக்கான நன்னீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுக்கப்படும் என்பதே தொடக்கத் திட்டம். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், மின்சின் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் எழுந்து 1906இல் நிறைவுற்றது அவ்வணை. குமரி மாவட்டத்து நெல்வயல்களின் உயிர் அது. ஆகவே எண்பதுகளின் இறுதியில் எழுந்த முதல் எதிர்ப்பில் கதிரியக்கத்தைப் போலவே பேச்சிப்பாறையும் முன்னின்றது. 1989 மே 1 அன்று, இந்தியாவின் இரு கடற்கரைகளிலிருந்தும் புறப்பட்ட தேசிய மீனவர் பேரவையின் பயணம் கன்னியாகுமரியில் நிறைவுற்றபோது, நீரையும் உயிரையும் காப்பதே அதன் முழக்கமாயிருந்தது. அதன் தலைவர் தாமஸ் கோச்சேரி, திருவனந்தபுரக் கடற்கரை மீனவரிடையே பணியாற்றிய கேரளப் பாதிரியார். அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஊர்வலம் சிதறியது. பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வளாகத்திலேயே அமைந்தது. பேச்சிப்பாறைத் திட்டம் விலகியது. மக்கள் கவலை பொறியியலைத் திருத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நினைவு நெய்யாறு. நெய்யாற்று அணை 1956க்கு முன் ஒரே மாநிலமாயிருந்த காலத்தில் திட்டமிடப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் இப்பாலிருந்து அப்பால் சென்று விளவங்கோடு வட்டத்தில் 9200 ஏக்கர் நிலத்துக்கு நீர் தர வேண்டும். எல்லை பிரிந்த பின்னும் பல பத்தாண்டுகள் நீர் சென்றது. 2004இல் கேரளம் அதனை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறே அன்று என்பது கேரளத்தின் வாதம். தமிழகம் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கின் நியாயம் எப்பக்கம் என்பது இங்கே நம் பொருளன்று. ஒரே மாநிலம் வெட்டிய கால்வாய், ஐம்பதாண்டுகளுக்குள் இரு மாநிலங்களின் கோப்புகளுக்கிடையே வறண்டது என்பதே பொருள். இவ்விழப்பைப் பார்த்தவர்கள், நூற்றாண்டுகளுக்கு நீளும் ஒரு காவற்பொறுப்பை அரசு உறுதியளிக்கிறது என்று கேட்கும்போது தயங்குவது இயல்பு.

உலக அனுபவமும் அத்தயக்கத்தைக் குறைக்கவில்லை. 1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் ஒன்றியத்தின் மாயக் வளாகத்தில் குளிர்விப்பு பழுதான கழிவுத்தொட்டி ஒன்று வெடித்தது. ஏறத்தாழ இருபதாண்டுகள் வெளியுலகுக்கு அது மறைக்கப்பட்டிருந்தது. 2003 ஏப்ரலில் ஹங்கேரியின் பாக்ஸ் நிலையத்தில், உலைக்கு வெளியே துப்புரவுத் தொட்டியில் போதிய குளிர்விப்பின்றி 30 எரிபொருள் கற்றைகள் சேதமுற்றன. 2023 ஜூன் 6 அன்று உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தபோது, அதன் நீர்த்தேக்கத்தை நம்பியிருந்த ஜப்போரிஜியா நிலையத்தின் குளிர்விப்பு குறித்து உலகமே கவலைகொண்டது. அங்குள்ள ஆறு உலைகளும் கூடங்குள உலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே உலைகள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தன, தனிக் குளிர்விப்புக் குளத்தில் நீர் எஞ்சியிருந்தது, பேரிடர் நேரவில்லை. எனினும் அணையும் அணுவும் ஒரே வாக்கியத்தில் வந்த அன்று, பேச்சிப்பாறையை நினைத்த குமரிக்காரர் யாரும் நகைப்புக்குரியவர் அல்லர்.

5. வட்டங்கள்

அணுமின் நிலையத்தைச் சுற்றி நம் விதிகள் வட்டங்களை வரைகின்றன. அவசரகாலத் திட்டமிடலுக்கான வட்டத்தின் ஆரம் 16 கிலோமீட்டர். அதற்குள் ஒத்திகை உண்டு, வெளியேற்றப் பாதை உண்டு, பொறுப்பான அலுவலர் உண்டு. வளாகத்துக்கு வெளியிலான திட்டம் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்தின் கையிலுள்ளது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக் கேட்பும், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, திட்டம் அமையும் மாவட்டத்திலேயே நடக்கும். அண்டை மாவட்டத்தாருக்கே உரிமையாகக் கிடைக்காத இடம், அண்டை மாநிலத்தாருக்கு எப்படிக் கிடைக்கும்?

புகுஷிமாவில் ஜப்பானிய அரசு 20 கிலோமீட்டருக்குள் உள்ளோரை வெளியேற்றியது. 30 கிலோமீட்டர் வரையுள்ளோரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. அமெரிக்கா தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல அறிவுறுத்தியது. உலையிலிருந்து வடமேற்கே, பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு வெளியே இருந்த இயிதாதே என்ற மலைக்கிராமம் எந்த வட்டத்திலும் முறையாக அடங்கவில்லை. மார்ச் 15 அன்று காற்று அப்பக்கம் திரும்பி, மழையும் பனியும் பெய்தன. கடற்கரையிலிருந்து ஓடிவந்தோருக்கு அடைக்கலம் தந்த அக்கிராமமே ஏப்ரலில் வெளியேற்றத்துக்கு ஆளாயிற்று.

இந்த அளவுகளைக் கூடங்குளத்தில் வைத்துப் பார்த்தால், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் 16, 30 ஆகிய வட்டங்களுக்கு வெளியேயும் 80க்கு உள்ளேயும் விழுகின்றன. இதிலிருந்து அவ்வூர்கள் ஆபத்தில் உள்ளன என்று முடிவுகட்டலாகாது. 80 என்பது முன்னெச்சரிக்கையின் மேல்வரம்பு. தென்மேற்குப் பருவத்தில் காற்று இங்கிருந்து அங்கே வீசுவதே வழக்கம். பெறத்தக்க முடிவு எளியது: நெருக்கடி நேர்ந்தால் தகவல் தேவைப்படக்கூடிய தொலைவில் இவ்வூர்கள் உள்ளன. அத்தகவல் எந்த அலுவலகத்திலிருந்து, எந்த மொழியில், எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். குமரியிலிருந்து மக்கள் புறப்பட்டால் அவர்கள் வரும் பாதையும் களியக்காவிளை, பாறசாலை வழியாகவே செல்லும். இயிதாதேயைப் போல இவ்வூர்களும் முதலில் அடைக்கலம் தரும் ஊர்களாகவே இருக்கும்.

6. காவல்

ஃபின்லாந்தில் எரிபொருளை நிலத்தடியில் நிரந்தரமாக வைக்க ஒல்கிலுவோத்தோவில் இடம் தேர்ந்தபோது, அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் உள்ளூர் மன்றத்துக்கு மறுக்கும் உரிமையைத் தந்திருந்தது. எயுராயோகி உள்ளூர் மன்றம் இசைந்த பின்னரே 2001இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. மறுக்கலாம் என்ற உரிமை இருந்ததால் அந்த இசைவுக்குப் பொருள் இருந்தது. நம்முடைய வரலாற்றில் 1988, 1998, 2013, 2018 ஆகிய நான்கு திருப்பங்களிலும் ஊர்மன்றம் எதுவும் ஒப்பமிடும் இடத்தில் இல்லை.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இப்பதிவு தீர்க்க முயலவில்லை. வேண்டாம் என்று நாளையே முடிவு செய்தாலும் கூடங்குளத்தின் குளத்தில் கிடக்கும் கற்றைகள் மறைந்துவிடா. அவற்றுக்கு நீரும் மின்சாரமும் காவலும் தொடர்ந்து வேண்டும். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டிய பொருள் அது ஒன்றே. ஆகவே எல்லை ஊர்களின் கோரிக்கை இரு தரப்பாரும் ஏற்கத்தக்கது: குளத்தின் நிலையும் சேமிப்பு மையத்தின் முன்னேற்றமும் குறித்த ஆண்டறிக்கை தமிழிலும் மலையாளத்திலும் வெளிவர வேண்டும், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருநெல்வேலி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான தகவல் ஏற்பாடு வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். பேச்சிப்பாறை குறித்த எண்பதுகளின் மனுக்கள், மீனவர் அமைப்புகளின் துண்டறிக்கைகள், பங்குப் பேரவைகளின் தீர்மானங்கள், நெய்யாற்று இடதுகரைப் பாசனத்தாரின் முறையீடுகள் ஆகியன இரு மொழிகளில், இரு மாநிலங்களின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்குப் பாதிக் கதையே கிட்டும். அவற்றை எழுதியோரில் பலர் முதுமையடைந்துவிட்டனர். அத்தாள்களை இன்றே படியெடுத்து வைக்க வேண்டும்.

நம் முன்னோர் குளம் வெட்டியபோது, கரையில் கல் நட்டு அதைக் காப்பவரின் கடமையையும் பொறித்து வைத்தனர். வெட்டியவர் மறைந்த பின்னும் யார் பொறுப்பு என்பதற்கு அக்கல் சாட்சி நின்றது. கூடங்குளத்தின் குளக்கரையில் நட வேண்டிய கல் இன்னும் எழுதப்படவில்லை.